காட்டுக் காளான் பறிக்கப் போகிறீர்களா? எப்போது போவது, எதைத் தொடாமல் விடுவது

மழை விட்ட மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான காளான்களுக்கு அது அவசரம். நாம் குடை என்று பார்ப்பது காளானின் கடைசிக் கட்டம் மட்டும்தான். உண்மையான உயிர் மண்ணுக்குள்ளோ பட்டுப்போன மரத்துக்குள்ளோ நூல் நூலாகப் பரவிக் கிடக்கிற பூஞ்சை இழை, அது ஆண்டு முழுக்க அங்கேயேதான் இருக்கிறது. மழைத்தண்ணீர் அந்த ஆழத்துக்கு இறங்க வேண்டும், இழைகள் ஈரத்தை இழுக்க வேண்டும், குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் திரள வேண்டும், அப்புறம்தான் அவை தண்ணீர் ஏறி ஒன்றிரண்டு நாளில் மளமளவென்று மேலே வரும். அதனால் மண் நன்றாக ஊறுகிற மாதிரி ஒரு மழை பெய்து, மூன்று நாளில் இருந்து பத்து நாளுக்குள் போவது பொதுவாக நல்ல கணக்கு. மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டுப் போகிற தூறலை நம்பிக் கிளம்ப வேண்டாம். மழைக்குப் பிறகு இரண்டு நாள் காற்று பலமாக அடித்திருந்தாலும் மொட்டுகள் காய்ந்துவிடும். மேகமூட்டமும் புழுக்கமுமாக இருந்தால் போகலாம்.

மழை பாதிதான், மீதி மண்ணின் சூடு. குளிர்நாடுகளில் மோரல் காளான் வசந்தத்தில், மண் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது தலைகாட்டும். அதே காட்டில் போர்சினி, சாந்தரெல் என்ற உண்ணத்தக்க காளான்கள் கோடையின் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் முழுக்கக் கிடைக்கும், உறைபனி விழுந்ததும் முடிந்துவிடும். சிப்பிக்காளானில் சில வகை நல்ல குளிரிலும் மரத்தில் வரும். வெப்பநாடுகளில் மண்ணின் சூடு பெரிதாக மாறாது, அங்கே மழைக்காலத் தொடக்கம்தான் எல்லாம்: வறண்டு கிடந்த மண்ணில் முதல் கனமழைகள் இறங்கியதும் புற்றுக்காளான் கிளம்பும். ஆகவே 'காளான் சீசன் எப்போது' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தக் காளான் என்று முதலில் சொல்லுங்கள், அதற்குத்தான் மாதம் சொல்ல முடியும்.

நாளில் எந்த நேரம் என்று கேட்டால், விடியற்காலை. வெயில் ஏறுவதற்குள், ஈக்கள் முட்டை வைப்பதற்குள், நேற்று இரவு வெளிவந்தது இன்னும் இறுக்கமாக இருக்கும். நேரம் ஆக ஆகப் பல காளான்களில் குடை தளர்ந்து ஓரம் கிழியத் தொடங்கும், புழுவும் வைக்கலாம்.

சரி, எங்கே தேடுவது? தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள், முதலில் அண்ணாந்து என்ன மரம் என்று பாருங்கள். சாந்தரெல், போர்சினி எல்லாம் உயிருள்ள மரத்தின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவை, பூஞ்சை மண்ணில் இருந்து தாதுக்களையும் தண்ணீரையும் தரும், மரம் சர்க்கரையைத் தரும். துணை மரம் இல்லாத இடத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. சிப்பிக்காளானுக்குப் பட்ட மரமோ விழுந்த கட்டையோ வேண்டும். புற்றுக்காளானுக்குக் கறையான் வேண்டும். ஒரு வகை கறையான்கள் புற்றுக்குள் செத்த செடி, இலைகளை வைத்துப் பூஞ்சைத் தோட்டமே வளர்க்கின்றன, அதில் இருந்து கிளம்பி வருவதுதான் இந்தக் காளான். கறையான் இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்த்து விற்பது இன்றுவரை கைகூடவில்லை, அதனால்தான் இதற்கு இத்தனை மவுசு.

இடமும் காலமும் தேடுவதற்கு மட்டும் உதவுபவை என்று நினைக்காதீர்கள், அடையாளம் காண்பதில் பாதி வேலை அவைதான். மண்ணில் மட்டுமே வரும் என்று நீங்கள் படித்த காளான் மரக்கட்டையில் நின்றால், அல்லது மழைக்காலத் தொடக்கத்தில் வர வேண்டியது கடைசியில் வந்தால், அது நீங்கள் நினைக்கிற காளானாக இல்லாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. என் வழி இதுதான்: இடம், காலம், அடி முதல் நுனி வரை உருவம், ஸ்போர் தூளின் (காளான் விதை மாதிரி உதிர்க்கும் நுண்ணிய தூள்) நிறம், இந்த நான்கும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று ஒத்துப்போய் ஒன்று இடித்தால் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். நான்கும் ஒத்துப்போனாலும், புதிதாகப் பழகுகிறவர் என்றால், அந்த வகையைப் பல ஆண்டுகளாகப் பறிக்கிற ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டும்.

புற்றுக்காளானையே எடுத்துப் பார்ப்போம். குடையின் உச்சியில் கூர்மையாக, தொட்டால் கெட்டியாக ஒரு முனை இருக்கும், மண்ணைத் துளைத்து வருவதற்கு அதுதான் உளி. செவுள்கள், அதாவது குடையின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள், வெள்ளையாக இருந்து மெல்ல ரோஜா நிறச் சாயல் ஏறும். தண்டைப் பிடித்து இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும், ஆகையால் இழுக்காதீர்கள். பக்கத்து மண்ணைக் குச்சியால் நெகிழ்த்தி விரலை விட்டுத் தடவிக்கொண்டே போங்கள், தண்டு நிற்காமல் வேர் மாதிரி மெலிந்து கீழே கீழே போகும், சில சமயம் முழங்கை ஆழம் தாண்டியும் போகும். அது போய் முடிகிற இடம் கறையானின் பூஞ்சைத் தோட்டம். அந்த நீண்ட வால் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஏனென்றால் இதோடு குழம்புகிற ஒன்று இருக்கிறது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர், வெப்பநாடுகளின் புல்தரைகளில் மழைக்குப் பிறகு தாராளமாக முளைக்கும், பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், பார்க்க அவ்வளவு அழகு. சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுத்துவிடும், குழந்தைகளுக்கு நீர்ச்சத்து இழப்பே பெரிய ஆபத்து. தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் இருக்கும், அடி சற்றே பருத்து மண்ணோடு முடிந்துவிடும், வால் இருக்காது. முற்றினால் செவுள்கள் பச்சை கலந்த சாம்பலாக மாறும். சிக்கல் என்னவென்றால் இளசாக இருக்கும்போது அந்தச் செவுள்களும் வெள்ளைதான், நமக்கும் இளசுதானே பிடிக்கும்.

இங்கேதான் ஸ்போர் தூள் கைகொடுக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விரிந்த குடை ஒன்றின் தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு தாளை வைத்து, செவுள் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிறத்தின் மேலும் படும் மாதிரி குடையை வையுங்கள். காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் குடையை எடுத்தால் செவுள்களின் வரி அப்படியே தூளாகப் பதிந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்காகத்தான் கறுப்புப் பாதி. புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்புச் சாயலோடு வெளிறி இருக்கும், அந்தப் புல்தரைக் காளான் மங்கிய பச்சையில் பதியும். செவுளின் நிறமும் தூளின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செவுளைப் பார்த்து ஊகிக்காமல் தூளை எடுத்தே பாருங்கள். இதை ஒரு நாள் தாமதம் என்று நினைத்துத் தவிர்க்கிறவர்கள் காளான் பறிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

உயிரை எடுக்கிறது வேறு. டெத் கேப் என்று அழைக்கப்படும் அமனிட்டா ஃபலாய்டிஸ், அதன் வெள்ளை நிறச் சொந்தங்கள், இவற்றில் இருக்கும் அமடாக்சின் கல்லீரலைச் சிதைக்கும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. டெத் கேப்பின் பூர்வீகம் ஐரோப்பா, ஓக் போன்ற மரக்கன்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டு வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இதைச் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். ஆசியாவில் இருந்து போய்க் குடியேறியவர்கள் இதைத் தாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறித்துவிடுவது திரும்பத் திரும்ப நடக்கிறது, காரணம் இரண்டுக்குமே அடியில் பை மாதிரி ஓர் உறை உண்டு, மொட்டில் இரண்டுமே முட்டை வடிவம். வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது, தூள் இளஞ்சிவப்பு. டெத் கேப்புக்குப் பொதுவாக வளையம் உண்டு, தூள் வெள்ளை. ஆனால் வளையம் உதிர்ந்தும் போகலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வெள்ளைச் செவுளும் அடியில் பையும் இருந்தால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள், மொட்டாக இருக்கிற எந்தக் காளானையும் தொடாதீர்கள்.

அந்தப் பை மண்ணுக்குள் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. தெரியாத காளானைக் கத்தியால் தரை மட்டத்தில் அறுத்தால் மிக முக்கியமான அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். அடியோடு தோண்டி எடுத்துப் பாருங்கள்.

கத்தியா கையா என்ற சண்டை இன்னொன்று. பிடுங்கினால் அடுத்த ஆண்டு வராது என்பார்கள். சுவிட்சர்லாந்தில் 1975இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டு கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. பிடுங்கினாலும் அறுத்தாலும் பின்னாளில் வருகிற காளான் குறையவில்லை, ஆனால் ஆட்கள் மிதித்த இடத்தில் காளான் குறைந்தது. ஆகவே கவலைப்பட வேண்டியது நம் காலைப் பற்றித்தான். ஒற்றையடியாகப் போங்கள், சருகைக் கிளறிப்போடாதீர்கள், தோண்டிய குழியை மூடிவிடுங்கள். பொடிசையும் முற்றிக் குழைந்ததையும் விட்டுவிடுங்கள், முற்றியது ஸ்போரைப் பரப்பிக்கொண்டிருக்கும். காப்புக்காடாக இருந்தால் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பை வேண்டாம், அதற்குள் வியர்த்து இரண்டு மணி நேரத்தில் கொழகொழத்துவிடும். கூடையோ துணிப்பையோ நல்லது. அடியில் இருக்கும் மண்ணை அங்கேயே தட்டிவிட்டுப் போட்டால் செவுளுக்குள் மண் ஏறாது. சந்தேகமானதைப் பார்ப்பதற்காக எடுத்தால் தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள், நல்லதோடு ஒரு துண்டுகூடக் கலக்கக்கூடாது. நெடுஞ்சாலை ஓரம், தொழிற்சாலை, குப்பைமேடு, மருந்து அடித்த வயல் பக்கம் பறிக்காதீர்கள். காளான் ஈயம், காட்மியம், பாதரசத்தை எல்லாம் உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு ஐரோப்பியக் காடுகளின் சில காளான்களில் கதிரியக்கச் சீசியம் பல ஆண்டுகள் தங்கியதும் இப்படித்தான்.

இப்போது பாட்டி வைத்தியம் போல உலவுகிற சோதனைகள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, புழுவோ நத்தையோ தின்றிருந்தால் நல்லது, பளிச்சென்ற நிறம் கெட்டது, தோல் உரிந்தால் சாப்பிடலாம். ஒன்றுகூட உண்மையில்லை. டெத் கேப் பார்க்க அடக்கமான நிறம், தோல் உரியும், நத்தை தின்னும், வெள்ளியைக் கறுக்காது. கைபேசிச் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரை நம்பிச் சாப்பிடுவதும் இதே ரகம்தான், படத்தில் அடிப்பை தெரியாது, வாசனை தெரியாது, தூள் தெரியாது. 'நாங்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம்' என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பாக்ஸில்லஸ் இன்வொல்யூட்டஸ் என்ற காளானை ஐரோப்பாவில் வெகுகாலம் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஜெர்மானியக் காளான் அறிஞர் ஜூலியஸ் ஷாஃபர் 1944இல் அதைச் சாப்பிட்டுத்தான் இறந்தார். திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்த அன்றே சமைத்துவிடுங்கள். எந்தக் காட்டுக் காளானையும் பச்சையாக வாயில் வைக்காதீர்கள். 2023இல் அமெரிக்காவின் மொன்டானாவில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலால் 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள், மோரல் உண்ணத்தக்க காளான்தான் என்பதை நினைவில் வையுங்கள். முதல்முறை சாப்பிடும் வகை என்றால் ஒரே வகையை மட்டும், கொஞ்சமாக, மது இல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் பொறுங்கள். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளான் கொடுக்க வேண்டாம்.

சமைப்பதற்கு முன் ஒரு முழுக் காளானை, அடியோடு, தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் தனியாக வைத்துவிடுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவர் கேட்பது அதைத்தான். எத்தனை மணி நேரம் கழித்துத் தொந்தரவு தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் தாண்டித் தொடங்கினால் அது அமடாக்சினாக இருக்கக்கூடும். வாந்தி பேதி ஒரு நாளில் அடங்கி, ஆள் தெளிந்துவிட்ட மாதிரி தெரியும், அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே வயிறு அடங்கிவிட்டது என்று வீட்டில் படுக்காமல், தொந்தரவு தொடங்கியதுமே அந்தக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், கூடச் சாப்பிட்டவர்களையும், அவர்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், அழைத்துக்கொண்டு போங்கள்.