தம்பி எதனால் இறந்தான் என்று கேட்பவர்களுக்கு

துட்டி கேட்க வருபவர்களின் முதல் கேள்விக்கான விடையை, உடல் வீட்டுக்கு வருமுன்பே வீட்டார் கூடிப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். போதை மருந்து அளவு மீறியதால் என் தம்பி இறந்தபோது நாங்கள் மாரடைப்பு என்று சொன்னோம். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே, பல மாதங்கள் அவனைப் பற்றி யாரிடமும் மனம்விட்டு அழ முடியாமல் போயிற்று. ஊருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ‘போதைப் பழக்கம் என்ற நோய் இருந்தது, அதில் இறந்துவிட்டான்’ என்பதே போதும். மேலும் துருவினால், ‘இப்போது பேச முடியவில்லை, சித்தப்பா’ என்று எழுந்துவிடலாம். நோய் என்பது பூசிமெழுகும் சொல் அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த பாதிப்புகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது.

இத்தகைய மரணத்தில் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். அறையில் கிடந்த மாத்திரை அட்டையையோ ஊசியையோ அவமானத்துக்கு அஞ்சி அப்புறப்படுத்தாதீர்கள். அம்மாவிடம் கேள்வி கேட்கும்போது நிதானமான உறவினர் ஒருவர் அருகில் இருக்கட்டும். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகிவிடும், தங்கையின் கல்யாணம் தடைபடும் என்று பெற்றோர் கலங்குவார்கள். அச்சான்றிதழில் இறப்பின் காரணம் இடம்பெறுவதில்லை என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வருவது குற்றவுணர்வு. ஹெராயின், கரைத்து ஊசியில் ஏற்றப்படும் டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவை, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தமாக்குகின்றன. அப்போது எழும் கரகரத்த ஒலி குறட்டை போலவே கேட்கும். அடுத்த அறையில் அதைக் கேட்டுவிட்டு, நன்றாகத் தூங்குகிறான் என்று நிம்மதியடைந்த அக்காவோ அண்ணனோ நீங்களாக இருந்தால், அது உங்கள் அலட்சியம் இல்லை, அந்த அடையாளத்தை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிகிச்சை முடிந்து திரும்பியவர்கள் இறப்பதற்கும் காரணம் உண்டு: சில வாரங்கள் விட்டிருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும், முன்பு தாங்கிய அதே அளவு அப்போது உயிரைக் குடிக்கும். ‘சிகிச்சைக்கு அனுப்பியும் திருந்தவில்லையே’ என்று பேசுபவரிடம் இதைச் சொல்லுங்கள். கோபம் வந்தால் அதையும் மறைக்காதீர்கள்; திருடிய நகைக்காகக் கோபப்படுவதும் அவனுக்காக அழுவதும் ஒரே நாளில் நடக்கும்.

படத்தை மாட்டுங்கள். குழந்தைகள் கேட்டால் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்றே உங்களிடம் சொல்வார்கள். உடன்பிறந்தவரின் துக்கத்துக்கு நம் சடங்குகளில் தனி இடம் இல்லை. தூக்கமின்மை நீடித்தாலும், உயிர் வேண்டாம் என்று தோன்றினாலும், 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அத்தனை பெரிய செயலை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவனோடு சேர்ந்து பயன்படுத்திய நண்பர்கள் காரியத்தன்று வாசலில் தயங்கி நிற்பார்கள். விரட்டாதீர்கள், அடுத்து இறக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள். யாரேனும் எழுப்பியும் எழாமல் உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், பயந்து ஓடாமல் 108ஐ அழைத்து, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை அருகிலேயே இருக்கச் சொல்லுங்கள்.