இரட்டை இயங்குதளக் கணினி எழாமல் நின்றால்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, என் லேப்டாப்புல லினக்ஸே அழிஞ்சு போச்சாம், எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணணும்னு கடையில சொல்றாங்க" என்றாள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு என்னும் லினக்ஸை அவளே நிறுவியிருந்தாள். முந்தைய நாள் இரவு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. கணினியை அணைத்துவிட்டு, மீண்டும் போடும்போது எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். வந்த பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இரண்டாவதாக இருந்தது. அழிந்ததாகச் சொல்லப்பட்டது வரிசையில் ஓரிடம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, பழைய கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸையும் சேர்த்துக்கொண்டவர்கள் என்னிடம் இதே கேள்வியோடு வருவது கூடியிருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள்தான். பழைய பழக்கத்தில் நாம் அதைப் பயாஸ் என்றே சொன்னாலும், கடந்த பத்து ஆண்டுகளில் வந்த கணினிகளில் பெரும்பாலும் இருப்பது யூஇஎஃப்ஐ. அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, வன்தட்டில் துவக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதியான ஈஎஃப்ஐ பகிர்வுக்குப் போகிறது. ஃபேட்32 முறையில் அமைந்த சிறிய பகிர்வு அது. விண்டோஸ் உருவாக்கியதென்றால் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். அதனுள் மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறையும் உபுண்டு என்ற கோப்புறையும் அருகருகே இருக்கின்றன. பட்டியலில் முதலில் இருப்பது உபுண்டு என்றால் கிரப் என்னும் துவக்கி எழுந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று நம்மைக் கேட்கிறது. அதன் பிறகே இயங்குதளத்தின் மையமான கெர்னல், அதன் பிறகே நம் கோப்புகள். ஆகவே கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரை காட்டிவிடுகிறது. அந்தக் கட்டத்தை மட்டும் சரிசெய்தால் போதும், நம் படங்களும் பாடங்களும் இருக்கும் பகிர்வைத் தொட வேண்டிய தேவை அநேகமாக வராது.

கைவைப்பதற்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. திரையில் தெரியும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரைச் செருகிவையுங்கள்; பாதி வேலையில் மின்சாரம் போனால் மின்கலமும் இறந்துபோன பழைய மடிக்கணினி அப்படியே அணைந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட்லாக்கர், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பகிர்வைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் பகிர்வு பூட்டப்பட்டிருந்தால், துவக்க வரிசையையோ, நம்பகமான கையொப்பம் உள்ள துவக்கிகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றியதும் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கலாம். "நான் பிட்லாக்கரை இயக்கவே இல்லையே" என்பவர்களும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் 11 பல கணினிகளில் இதைத் தானாகவே இயக்கிவிடுகிறது. அந்தச் சாவி அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியில் அதைத் திறந்து தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் மேலே போக வேண்டும். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: அலுவலகம் கொடுத்த கணினியில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள், அதன் சாவி உங்களிடம் இருக்காது.

நிறுவாமலே உபுண்டுவை இயக்க உதவும் நேரடிப் பென்டிரைவ் ஒன்றை இன்னொரு கணினியில் தயாரித்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி இருந்தால் போதும். துவக்கப் பட்டியலைத் திறக்கும் விசை டெல், லெனோவோ மடிக்கணினிகளில் எஃப்12. எச்பியில் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு எஃப்9. ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாதிரிகளில் எஃப்2 மூலம் நிலைபொருள் அமைப்புக்குள் போய் அந்த விசையை முதலில் இயக்க வேண்டியிருக்கும். இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும், லினக்ஸ் கட்டளைகளுக்கு முன்னால் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

முதலில், கேட்காமலே விண்டோஸ் எழுகிற நிலை. அக்கா மகளுக்கு நேர்ந்தது இது. துவக்கப் பட்டியலில் உபுண்டு தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பிறகு நிலைபொருள் அமைப்பில் வரிசையை மாற்றி உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். அமைப்பில் வழியில்லை என்றால், லினக்ஸ் டெர்மினலில் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று தட்டினால் ஒவ்வொரு பதிவும் நான்கிலக்க எண்ணோடு தெரியும். அதே கட்டளைக்குப் பின் -ஓ என்று சேர்த்து, வேண்டிய வரிசையில் எண்களைக் காற்புள்ளி இட்டுக் கொடுத்தால் வரிசை மாறிவிடும். சில மடிக்கணினிகள் என்ன சொன்னாலும் விண்டோஸ் பூட் மேனேஜரையே முதலில் கூப்பிடும். விண்டோஸின் பதிவையே, கிரப்பை எழுப்பும் உபுண்டுவின் ஷிம் கோப்புக்குத் திருப்பிவிடும் தந்திரம் ஒன்று உண்டு. அடுத்த பெரிய புதுப்பிப்பில் அது கலைந்து மறுபடியும் குழப்பும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தேவைப்படும்போது எஃப்12 தட்டிக்கொள்வது அதைவிட மேல்.

இதற்கு நேர்மாறான நிலையில் கிரப் பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸைக் காணவில்லை. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் என்னும் நிரல் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் கோப்புறையில் இருக்கும் கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் என்ற வரியைத் தேடுங்கள். சொற்களுக்கு நடுவே அடிக்கோடுகளோடு, முழுவதும் பெரிய எழுத்தில் அது இருக்கும். முன்னால் ஹேஷ் குறி இருந்தால் நீக்கி, மதிப்பை ஃபால்ஸ் என்று வைத்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். அந்த வரியே இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம்.

கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று வந்து நிற்பதுதான் எல்லோரையும் கதிகலங்க வைக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கிரப் என்று மட்டும் வந்தால் துவக்கி முழுமையாக எழுந்துவிட்டது, பட்டியல் கோப்பைத்தான் காணவில்லை என்று பொருள். கிரப் ரெஸ்க்யூ என்று வந்தால் துவக்கியின் தலை மட்டும் எழுந்திருக்கிறது, உடம்பு இருக்கும் இடம் அதற்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் வழக்கமான காரணம், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் யாரோ பகிர்வுகளை நீட்டியோ சுருக்கியோ நீக்கியோ மாற்றியிருப்பது. லினக்ஸ் பகிர்வுக்கு விண்டோஸில் சி, டி போன்ற டிரைவ் எழுத்து இருக்காது. காலியிடம் என்று நினைத்து அதையே நீக்கியவர்களும் உண்டு. அப்படி நீக்கியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாமல், நேரடிப் பென்டிரைவில் டெஸ்ட்டிஸ்க் என்னும் கருவியைக் கொண்டு பகிர்வை மீட்க முயல்வதே முதல் வேலை.

பகிர்வு இருக்கிறது, எண்தான் மாறிவிட்டது என்றால் எல்எஸ் என்று தட்டுங்கள். எச்டி0, ஜிபிடி5 என்பது போன்ற பெயர்கள் அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் எல்எஸ் கட்டளையோடு சேர்த்து, இறுதியில் ஒரு சாய்கோடு இட்டுப் பாருங்கள். பூட், ஹோம், ஈடிசி என்ற கோப்புறைகள் எதில் தெரிகின்றனவோ அதுவே உங்கள் லினக்ஸ். பிறகு செட் ரூட்= என்று அந்தப் பெயரையும், செட் ப்ரீஃபிக்ஸ்= என்று அதே பெயரோடு /பூட்/கிரப் என்ற பாதையையும் கொடுங்கள். ரெஸ்க்யூ நிலையில் இருப்பவர்கள் இன்ஸ்மாட் நார்மல், அடுத்து நார்மல் என்று தட்ட வேண்டும். வெறும் கிரப் நிலையில் இருப்பவர்கள் கான்ஃபிக்ஃபைல் என்று தட்டி, அந்தக் கோப்புறையில் இருக்கும் கிரப்.சிஎஃப்ஜி கோப்பின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். பட்டியல் வந்துவிடும். ஆனால் இது ஒரு தடவைக்கான வழிதான். லினக்ஸுக்குள் போனதும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் இயக்கினால்தான் நிலைக்கும்.

அதுவும் கைகூடாதபோது நேரடிப் பென்டிரைவுக்குப் போக வேண்டும். துவக்கப் பட்டியலில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பயாஸ் முறையில் எழுந்து யூஇஎஃப்ஐ கணினியைச் சரிசெய்ய முனைவது, மணிக்கணக்கில் உழைத்தும் பலன் கிடைக்காமல் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம். சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் எந்த முறையில் எழுந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று தட்டிப் பகிர்வுகளை அடையாளம் கண்டு, லினக்ஸ் பகிர்வை எம்என்டி கோப்புறையிலும், ஈஎஃப்ஐ பகிர்வை அதனுள் இருக்கும் பூட்/ஈஎஃப்ஐ கோப்புறையிலும் மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்றையும் ஆர்பைண்ட் முறையில் எம்என்டிக்குள் இணைத்து, சிஎச்ரூட் மூலம் வன்தட்டில் இருக்கும் அந்த லினக்ஸுக்குள் நுழைந்து, மேலே சொன்ன இரண்டு கட்டளைகளையும் இயக்குங்கள். வெறும் பைண்ட் முறையில் இணைத்தால் நிலைபொருளின் பட்டியல் உள்ளே தெரியாது, கிரப்-இன்ஸ்டாலும் ஈஎஃப்ஐ மாறிகள் இல்லை என்று முறையிடும். இவ்வளவு தட்டுவதற்குத் தயக்கமாக இருந்தால், நேரடிச் சூழலில் இணையத்தை இணைத்துப் பூட்-ரிப்பேர் என்ற கருவியை நிறுவி, பரிந்துரைக்கப்படும் பழுதுநீக்கத்தை அழுத்தலாம். அதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அது என்ன செய்தது என்பது தெரியாமலே வேலை முடிந்துவிடும்.

ஷிம் எஸ்பாட் சோதனை தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்னும் பொருளில் ஆங்கிலச் செய்தி காட்டிவிட்டுக் கணினி அணைந்தால் அது வேறு கதை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய லினக்ஸ் துவக்கிகளைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்ததில் இரட்டை இயங்குதளக் கணினிகள் பல இப்படி நின்றன. பிட்லாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டை நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய், மோக்யூடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட் என்ற கட்டளையை இயக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் உபுண்டுவுக்கே போய், எல்லாவற்றையும் புதுப்பித்த பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

லினக்ஸ் நன்றாக எழுகிறது, விண்டோஸ்தான் எழவில்லை என்றால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் தேவை. முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். டிஸ்க்பார்ட்டுக்குள் போய் லிஸ்ட் வால்யூம் தட்டி, அந்தச் சிறிய ஃபேட்32 பகிர்வைத் தேர்ந்து, அசைன் லெட்டர்=எஸ் என்று கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ. இங்கே விண்டோஸ் இருக்கும் எழுத்து சி ஆக இல்லாமலும் போகலாம். டிஐஆர் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலரும் சொல்லும் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய முறைக் கணினிகளுக்கானது, யூஇஎஃப்ஐயில் அதனால் பயனில்லை. இதற்குப் பின் விண்டோஸ் வரிசையின் முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை முன்பு சொன்னபடி மாற்றிக்கொள்ளலாம்.

பழைய மடிக்கணினி வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய வட்ட மின்கலம், பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்துபோனால் தேதி பின்னுக்குப் போவதோடு நிலைபொருள் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பக்கூடும். கணினி வன்தட்டை அணுகும் முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டும், லினக்ஸுக்கு வன்தட்டே தெரியாமல் போகலாம். அமைப்பில் அதைப் பழையபடி மாற்றி, மின்கலத்தையும் மாற்றினால் தீர்ந்தது.

லினக்ஸ் எமர்ஜென்சி மோட் என்று நின்றால், எழும்போது இணைக்க வேண்டிய பகிர்வுகளைப் பட்டியலிடும், ஈடிசிக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது இல்லாத பகிர்வு ஒன்று எழுதப்பட்டிருக்கும். அல்லது விண்டோஸின் பகிர்வைத் திறக்க முடியாமல் இருக்கும். பின்னதற்குக் காரணம் விண்டோஸ் 8இலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கணினியை அணைப்பதுபோல் காட்டிவிட்டு அது பாதி உறக்கத்தில் வைக்கிறது, பகிர்வும் மூடப்படாமலே இருக்கிறது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் அதை நிறுத்திவிடுங்கள்; எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெய்ல் என்றும் சேர்த்துவையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒவ்வோர் இயங்குதளத்தையும் ஒருமுறை மறுதொடக்கத்திலும், ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டும் சோதியுங்கள். அப்போது விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் பதற வேண்டாம். தாய்ப்பலகைக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் படிப்பதால் வருவது அது. டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று லினக்ஸில் ஒருமுறை தட்டி, விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டால் இரண்டும் ஒரே மணியைக் காட்டும்.