கன்ஃபைன்டு ஸ்பேஸ் வேலைக்கு மீட்புக் குழுவை அமர்த்துமுன்

மேன்ஹோல், டாங்கி, தொட்டி போன்ற அடைபட்ட இடத்துக்குள் இறங்கிச் செய்வதுதான் கன்ஃபைன்டு ஸ்பேஸ் வேலை. மீட்பு நிறுவனத்தின் கொட்டேஷனில் விலையைப் பார்க்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க உங்கள் குழு மேன்ஹோல் பக்கத்திலேயே நிற்குமா, கூப்பிட்டால்தான் வருமா? ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் மேற்கே துவாஸில் விழுந்தவருக்குக் கிழக்கே லோயாங்கிலிருந்து கிளம்பும் வண்டி உதவாது. 995-ஐ உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் குடிமைத் தற்காப்புப் படை வந்து சேரும்வரை என்ன செய்வீர்கள் என்பதற்கு உங்களிடம் ஏற்பாடு இருக்க வேண்டும். ஜூரோங் தீவு என்றால், ஆட்களுக்கும் வண்டிக்கும் நுழைவு அனுமதி வாங்கியாயிற்றா என்றும் பாருங்கள்.

பிறகு அவர்களை வேலையிடத்துக்கே வரவழைத்து, திறப்பை அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் விலை சொல்லும் நிறுவனம் வேண்டாம். செங்குத்தான குழி என்றால் டிரைபாடும் (முக்காலித் தாங்கி) வின்ச்சும் (கயிறு சுருட்டித் தூக்கும் கருவி) போதும். உள்ளே இருப்பவர் முழு உடல் ஹார்னெஸில் (பாதுகாப்பு வார்) கயிறு மாட்டியிருந்தால் மேலிருந்தே தூக்கிவிடலாம். தடுப்புகள் நிறைந்த கப்பல் டாங்கியிலோ பக்கவாட்டு வாசல் உள்ள தொட்டியிலோ கயிறு சிக்கிக்கொள்ளும். அங்கே காற்று சிலிண்டரோடு ஆள் போயே ஆகவேண்டும். வாசல் குறுகலாக இருந்து, முதுகுச் சிலிண்டரோடு நுழைய முடியாவிட்டால், வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் ஏர்லைன் வேண்டும். வடிகட்டி முகமூடியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது உயிரைக் காக்காது.

காற்றுக் கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 6.8 லிட்டர், 300 பார் அழுத்தமுள்ள சிலிண்டரில் சுமார் 2,000 லிட்டர் காற்று இருக்கும். காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கை விசில் ஊதும் 55 பாரைக் கழித்து, ஆளை இழுக்கும் உழைப்புக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் போட்டால் அரைமணிகூடத் தாங்காது. போகவும் திரும்பவும் அதற்குள்தான். மாற்று சிலிண்டர் எத்தனை வருகிறது?

விலையைக் குறைக்க, வாசலில் நிற்கும் அட்டெண்டன்டையே மீட்பாளர் கணக்கில் சேர்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளிருப்பவர்களைக் கவனிப்பதும் உதவி கேட்டுக் குரல் கொடுப்பதும் அவர் வேலை. அவர் உள்ளே இறங்கினால் இரண்டாவது ஆளும் விழுவார். உள்ளே உள்ள வாயுவை அளக்கும் கேஸ் மீட்டருக்கு அன்றைய ‘bump test’ (மாதிரி வாயுவைக் காட்டி, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது) பதிவைக் கேளுங்கள். மேல், நடு, அடி மூன்றிலும் அளக்கும் குழாயும் வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும்.

கையெழுத்திடுமுன் உங்கள் மேன்ஹோலிலேயே, ஆள் எடையுள்ள பொம்மையை வைத்து ஒத்திகை நடத்துங்கள். இரவு ஷிஃப்டுக்கு வரும் குழு வேறு என்றால் அவர்களுக்கும் தனியாக. உள்ளே தமிழ்த் தம்பி, வாசலில் பங்களாதேஷ்காரர், மீட்புத் தலைவர் சீனர் என்று இருந்தால், ‘நிறுத்து’, ‘தூக்கு’, ‘வெளியே வா’ மூன்றுக்கும் எல்லாருக்கும் புரியும் ஒரே சொல்லை அன்றே முடிவு செய்து பழகிவிடுங்கள்.