ஸ்கூபா கத்தியைப் பராமரிப்பது எப்படி, மாற்றுவது எப்போது?

ஸ்கூபா டைவிங்கில், அதாவது காற்று டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும்போது, கொண்டுபோகும் டைவ் கத்தி சுறாவோடு சண்டை போட அல்ல. கடலுக்கடியில் கிடக்கும் பழைய வலையிலோ தங்கூசியிலோ (நைலான் தூண்டில் நரம்பு) டேங்க் வால்வு மாட்டிக்கொண்டால் அறுத்துவிட்டு வெளியே வரத்தான். அதனால் கத்தி பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டாம். உறையிலிருந்து ஒரே இழுப்பில் வருகிறதா, வந்தால் அறுக்கிறதா என்று பாருங்கள்.

முதல் வேலை, டைவ் முடிந்த அன்றே. கத்தியையும் உறையையும் தனித்தனியாக வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப் போடுங்கள். உறையோடு சேர்த்து வாளியில் முக்கி எடுத்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து, பிடியைக் கழற்றுங்கள். பல கத்திகளில் பிடியின் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். இந்த வேலையைத்தான் பலரும் செய்வதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கடல் உப்பிலுள்ள குளோரைடு அதை அரிக்கும். காற்றுப் புகாத இடுக்கில் அந்தப் படலம் மறுபடி உருவாகவும் வழியில்லை. வெளியே அலகு மின்னிக்கொண்டிருக்க, பிடிக்குள் இருக்கும் பகுதி குழிகுழியாகிவிடும்.

துரு தெரிந்தால் கொஞ்சம் வினிகர் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். ப்ளீச்சும் ஆகாது. நன்றாகக் கழுவி, துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வாசலின் தடவினால் உறையைக் கட்டும் ரப்பர் பட்டை கெட்டுவிடும்.

அப்புறம் கூர். நேர் விளிம்பைச் சாணைக்கல்லில் சுமார் 20 டிகிரி சாய்த்து இருபுறமும் தீட்டுங்கள். ரம்பப் பல் பக்கத்துக்கு உருளை அரம் வேண்டும். பழகும் வரை அதைத் தொடாதீர்கள். தொய்வாகப் பிடித்த தங்கூசி சட்டென்று அறுபட்டால் சரி.

எப்போது மாற்றுவது? பட்டை வெடித்திருந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். உறையின் பூட்டு தளர்ந்து கத்தி தானாக நழுவினாலோ, பிடிக்குள் போகும் பகுதியில் ஆழமான குழிகள் விழுந்திருந்தாலோ யோசிக்காமல் புதிது வாங்குங்கள்.

வாங்கும்போது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் கூர் சீக்கிரம் போகும். 420 ரகத்தில் கூர் நிற்கும், துருவும் சீக்கிரம் வரும். டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது, விலைதான் கடிக்கும். என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு மழுங்கிய முனையுள்ள சின்னக் கத்தி போதும். அதையும் காலில் கட்டாமல், இரண்டு கையும் எட்டும்படி இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள். கூடவே ஒரு லைன் கட்டர் (நரம்பு, கயிறு அறுக்கும் சிறு கருவி) இருந்தால் நல்லது. பிளேடு மாற்றக்கூடியதாக இருந்தால், துரு தெரிந்தவுடன் பிளேடை மட்டும் மாற்றிவிடலாம்.

விமானத்தில் போகிறீர்களா? கத்தியைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள்.