டியூன் வரிசையின் 4-வது நாவலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய டியூன் என்ற அறிவியல் புனைகதை வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் ராத்திரி கண் விழித்துப் படித்தவர்கள்கூட நான்காவதான ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ நாவலை ஐம்பது அறுபது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை மூடினேன். அப்புறம் ஒரு வருடம் கழித்து வேறு மாதிரி படித்துப் பார்த்தேன், இப்போது இந்த வரிசையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் இதுதான். அந்த வேறு மாதிரி என்ன என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். முடிவைச் சொல்லிவிட மாட்டேன்.

படி 1: நேராக இதற்கு வராதீர்கள்

2021, 2024-இல் வந்த ‘டியூன்’ படங்கள் இரண்டும் சேர்ந்து சொல்வது 1965-இல் வந்த முதல் நாவலின் கதையை மட்டும்தான். நடுவில் ‘டியூன் மெசையா’, ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் படிக்க வேண்டும். முன்பே படித்து மறந்துவிட்டதென்றால் மூன்றாவதின் கடைசிப் பகுதியை மட்டுமாவது ஒருமுறை புரட்டுங்கள். முதல் நாவலின் நாயகன் பால் அட்ரீடிஸின் ஒன்பது வயது மகன் லீட்டோ, மணற்புழுவின் குஞ்சுகளைத் தன் தோல்மேல் படரவிட்டு மனித உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட ஆரம்பிக்கும் இடம் அங்கேதான் வருகிறது. நான்காவது நாவல் முழுக்க அந்த ஒரு முடிவின் விளைவு.

படி 2: பழைய உலகத்தைத் தேடாதீர்கள்

1981-இல் இந்த நாவலை எழுதியபோது ஃபிராங்க் ஹெர்பர்ட் கதையை சுமார் 3,500 வருடம் முன்னால் தள்ளிவிட்டார். நாயகன் பால் இல்லை, அவன் அம்மா ஜெசிகா இல்லை. முன்பு முழுக்கப் பாலைவனமாக இருந்த அராக்கிஸ் கிரகம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஆறு ஓடுகிறது, பாலைவனம் என்று மிஞ்சியிருப்பது லீட்டோ தனக்காக விட்டுவைத்த சாரீர் என்ற பகுதி மட்டும். ராட்சத மணற்புழுக்கள் அழிந்துவிட்டன. புழுவாகவே மாறிக்கொண்டிருக்கும் பேரரசன் லீட்டோதான் மிச்சம், முகமும் கைகளும் மட்டும் இன்னும் மனிதனுடையவை. ஆயுளை நீட்டிக்கும், விண்வெளிப் பயணத்துக்கும் தேவைப்படும் ஸ்பைஸ் என்ற பொருள் அவன் கையிருப்பில் மட்டுமே இருப்பதால் எல்லோருடைய குடுமியும் அவன் கையில். அந்தப் பாலைவனத்தின் பழைய மக்களான ஃப்ரெமென்களோ பழைய சடங்குகளை அர்த்தம் தெரியாமல் நடித்துக் காட்டும் ‘மியூசியம் ஃப்ரெமென்’ ஆகிவிட்டார்கள். முதல் நாவலில் அவர்களை நேசித்தவர்களுக்கு இது வலிக்கும், அந்த வலியோடுதான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

படி 3: டங்கன் ஐடஹோவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எனக்கு வழி திறந்தது இங்கேதான். பாலின் குடும்பத்துக்கு விசுவாசமான வீரனாக இருந்து முதல் நாவலிலேயே செத்துப்போன டங்கனை, உயிர்களை வளர்த்தெடுப்பதில் தேர்ந்த ட்லெய்லாக்ஸ்காரர்கள் திரும்பத் திரும்ப உயிரணுவிலிருந்து வளர்த்து லீட்டோவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வரும் டங்கனுக்குப் பழைய டங்கனின் நினைவு இருக்கிறது, நடுவில் போன ஆயிரக்கணக்கான வருடங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதாவது மூன்றாவது புத்தகத்திலிருந்து நேராக வந்திறங்கும் உங்கள் நிலைமையும் அவன் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான், நீங்கள் எதைப் பார்த்துத் திகைக்கிறீர்களோ அதைப் பார்த்துத்தான் அவனும் திகைக்கிறான், கோபப்படுகிறான், அருவருப்படைகிறான். குழப்பம் வந்தால் அவன் வரும் காட்சிக்குப் போய் ஒருமுறை படித்துவிட்டுத் தொடருங்கள். அவனைத் தவிர நினைவில் வைக்க வேண்டியவர்கள் மூன்றே பேர்: லீட்டோவின் காரியதரிசி மோனியோ, அவருடைய மகளும் கலகக்காரியுமான சியோனா, இக்ஸ் கிரகத்தின் தூதர் ஹ்வி நோரி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: ஒரு நாளைக்கு ஒரு காட்சி

ஆரம்பத்தில் ஓநாய்கள் துரத்தும் ஒரு ஓட்டம் இருக்கிறது, அதை நம்பி முழு நாவலும் அப்படியே போகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பகுதி பேச்சுதான். லீட்டோ பேசுகிறான், எதிரில் நிற்பவர் நடுங்குகிறார். அவனுக்குள் முன்னோர்கள் அத்தனை பேரின் நினைவுகளும் இருப்பதால் ஒரு வாக்கியத்தை ஒரு காரணத்துக்காகவும் அடுத்ததை எதிரிலிருப்பவரைச் சோதிக்கவும் சொல்வான். வேகமாகப் படித்தால் இது பிரசங்கம் மாதிரி கேட்கும். ஒவ்வொரு உரையாடலிலும் “இவன் இப்போது எதை எதிர்பார்க்கிறான்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள், தன்னை எதிர்க்கும் சியோனாவை ஏன் உயிரோடு விட்டு வைத்திருக்கிறான் என்பது மெல்லப் பிடிபடும். அத்தியாயத்தின் தலையில் வரும் மேற்கோள் புரியவில்லையா, தாண்டிவிட்டு அத்தியாயம் முடிந்தபின் திரும்பி வாருங்கள்.

அவன் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ராணுவத்தையும் ஆண் பெண்ணையும் பற்றி இந்த நாவலில் வரும் சில பேச்சுகள் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை, ஓரத்தில் பென்சிலால் மறுப்பு எழுதிக்கொண்டே படித்தேன்.

படி 5: சாரீர் பகுதிக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்

லீட்டோ சியோனாவைத் தனியாகப் பாலைவனத்துக்குள் கூட்டிப்போகும் பகுதி வரும்போது போனைத் தூர வைத்துவிட்டு ஒரே மூச்சில் படியுங்கள். தண்ணீர், தாகம், பழைய ஃப்ரெமென் அறிவு என்று முதல் நாவலில் நாம் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கே திரும்ப வருகிறது, ஆனால் அது எதுவுமே சியோனாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அவள் செய்யும் ஒரு சின்னத் தவறைப் பார்த்து நான் வாய்விட்டு “ஐயோ, முகமூடியை மூடும்மா” என்று சொல்லிவிட்டேன்; உடம்பின் ஈரத்தைச் சேமிக்கும் ஃப்ரெமென் உடையின் முகமூடியைத்தான் சொல்கிறேன்.