அழுத்தம் வேறு, அநீதி வேறு: சதுரங்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மிய சதுரங்கமான சிட்டுயினில் சிப்பாய்கள் நீங்கலான காய்களை எங்கே நிறுத்துவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். ஒருவர் அடுக்குவதைப் பார்த்து மற்றவர் தமக்குத் தோதாக அடுக்கிவிடக் கூடாது என்பதற்காக, முறையான போட்டிகளில் பலகையின் நடுவே சிறு திரை கட்டுவதுண்டு. (தேநீர்க்கடை ஆட்டத்தில் இதற்கெல்லாம் யார் மெனக்கெடுகிறார்கள்!) அத்திரை தடுப்பது ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் அனுகூலத்தையே, திரை விலகியபின் வரும் படபடப்பை அது தடுப்பதில்லை, தடுக்கவும் தேவையில்லை. உலகப் பட்டப் போட்டிகளைப் பற்றிப் பேசும்போது யாங்கோன் தமிழர்களாகிய நம்மில் பலர் அநீதி, அழுத்தம் என்ற இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே முதல் தவறு.

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் ஆனந்துக்கும் நார்வே வீரர் கார்ல்சனுக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில், கார்ல்சன் தம் 26ஆவது நகர்த்தலில் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்த் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். அவரோ ஓரச் சிப்பாயை முன்னே தள்ளிவிட்டு, இறுதியில் தோற்றார். அங்கே எவரும் எவருக்கும் அநீதி செய்யவில்லை. இத்தகைய வீரர் இவ்வளவு எளிதில் சறுக்கமாட்டார் என்ற எண்ணமே கண்ணை மறைக்கும். எதிராளியின் பெயரைப் பார்த்து ஆடுவது ஆபத்தானது.

ஆதாரமின்றிச் சந்தேகத்தை அறிவிப்பது அதைவிடப் பெரிய தவறு. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டாவில் கிராம்னிக்கும் டோபலோவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில், கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குச் செல்கிறார், அங்கே மறைவாக உதவி பெறுகிறாரோ என்ற சந்தேகத்தில் டோபலோவ் தரப்பு முறையிட, வீரர்களின் தனிக் கழிவறைகள் மூடப்பட்டன. கிராம்னிக் 5ஆவது ஆட்டத்தை ஆட மறுத்துப் புள்ளியை இழந்தார். மோசடி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 6-6 என்று முடிந்த போட்டியை விரைவு ஆட்டங்களில் கிராம்னிக்கே வென்றார்.

மறுபுறம், பெருந்தன்மையும் சில நேரம் பிழையாகும். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் 2-0 என முன்னிலையில் இருந்த ஸ்பாஸ்கி, ஃபிஷரின் வற்புறுத்தலுக்கு இணங்கி 3ஆவது ஆட்டத்தைக் கேமராக்களுக்கு அப்பாலுள்ள சிறு அறையில் ஆடச் சம்மதித்துத் தோற்றார். போட்டியின் போக்கு அங்கேதான் திரும்பியது என்பது என் கருத்து.

நம் பிள்ளைகள் செய்யும் தவறு, சகித்துக்கொண்டே இருந்து தோற்றபின் முறையிடுவது. எதிராளிக்குத் தொந்தரவு தருவதை விதியே தடுக்கிறது, ஓயாமல் டிரா கேட்பதும் தொந்தரவுதான். ஆகவே கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்கலாம், எதிராளியோடு வாதிட வேண்டியதில்லை. சென்ற ஆண்டு இங்கே ஒரு சிறுவன், எதிராளி வெட்டிய காய்களை மேசையில் தட்டிக்கொண்டே இருந்ததால்தான் தோற்றதாக, முடிவுத் தாளில் கையெழுத்திட்ட பிறகு அழுதான். அவன் நகர்த்தல்களைக் குறித்துவைத்த தாளை எடுத்து ஒவ்வொரு நகர்த்தலாக நாங்கள் அடுக்கிப் பார்த்தோம். தட்டல் தொடங்கியதாக அவனே விரல்வைத்துக் காட்டிய இடத்துக்கு 3 நகர்த்தல்கள் முன்பே அவனுடைய யானை போயிருந்தது.