தூரிகை இல்லாமல் ஒரு மரம்: மோரிஸ் காட்ஸ் வழியில்

முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தேன். "தூரிகையை ஒழுங்காகப் பிடி" என்று அதட்டியே தொண்டை போனது. ஓய்வு பெற்ற பிறகு நான் பழகிய முறையில் தூரிகையே கிடையாது. ஓவியக் கத்தியும் டாய்லெட் பேப்பரும் போதும்.

முறை மோரிஸ் காட்ஸுடையது. 1932இல் போலந்தில் பிறந்த யூத ஓவியர்; 1949இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை விடுதிகளில் மேடையேறி, விருந்தினரைச் சிரிக்க வைத்தபடியே சில நிமிடங்களில் ஒரு படத்தை முடித்துவிடுவார். வரைந்து குவித்ததற்காகவே கின்னஸில் இடம்பிடித்தவர், 2010இல் காலமானார். விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை, கொஞ்சம் கோபம் உண்டு.

சிறிய கேன்வாஸ் அட்டை ஒன்று, எண்ணெய் வண்ணத்தில் வெள்ளை, நீலம், மஞ்சள், பழுப்பு வாங்குங்கள். டாய்லெட் பேப்பர் அச்சு ஏதும் இல்லாத வெறும் தாளாக இருக்கட்டும். நான் பூ அச்சு புடைத்த தாளை வாங்கி, வானமெங்கும் பூ பூக்க வைத்தேன்.

நான்கைந்து தாள்களைச் சேர்த்து எலுமிச்சம்பழ அளவுக்குக் கசக்குங்கள். இறுக்கிப் பிழியக் கூடாது. மடிப்புகள் வெளியே துருத்தி நிற்க வேண்டும், இலைகளைப் பதிப்பவை அவைதான். நீலத்தையும் வெள்ளையையும் கத்தியால் மெல்லிதாக இழுத்து, தாளால் தடவி மென்மையாக்குங்கள். மேகத்துக்கு வண்ணம் வேண்டாம்: சுத்தமான உருண்டையால் ஒற்றி எடுத்தால் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும்.

மரம்தான் சோதனை. கத்தியின் விளிம்பில் பழுப்பை எடுத்துக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பிறகு நீலமும் மஞ்சளும் கலந்த கரும்பச்சையில் உருண்டையைத் தொட்டு, கிளை இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றுங்கள். அதன் மேல் வெளிர்பச்சை, இன்னும் கெட்டியாக, இன்னும் லேசான கையால். அடியில் மெல்லியது, மேலே கெட்டியானது. மாற்றினால் இரண்டும் குழைந்து சேறாகும். மூன்று நான்கு ஒற்றலுக்கு ஒருமுறை உருண்டையைத் திருப்பிப் பிடியுங்கள், அழுக்குப் பக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

வரையும்போது யாரிடமாவது பேசிக்கொண்டே இருங்கள். இது விளையாட்டுப் பேச்சல்ல. வாய் ஓய்ந்ததும் கை திருத்த ஆரம்பிக்கும். திருத்திய மரம் செத்த மரம். மேடைப் பேச்சு காட்ஸுக்கு அந்த வகையிலும் உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் பேத்தியை உட்கார வைத்து ராமாயணம் சொல்கிறேன். வாலி வதம் முடிவதற்குள் படம் முடிந்துவிடும்.

எண்ணெய் ஊறிய தாள்களைக் குவித்து வைக்காதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். வரைய ஐந்து நிமிடம் என்றாலும் தடித்த வண்ணம் காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பீரோ மேல் படுக்க வைக்கலாம். என் முதல் படத்தின் வானத்தில் ஒரு பல்லி நடந்து போன தடம் இருக்கிறது.